விசை வேறு, எழுத்து வேறு

போலந்து மொழியில் எழுதுகிறவர்களுக்கு விசித்திரமான ஒரு தொல்லை வந்தது. மீடியம் என்ற இணையப் பதிப்புத் தளத்தில் அவர்களால் எதையும் அடிக்க முடிந்தது, ஒரே ஓர் எழுத்தைத் தவிர. ஆங்கில எஸ் எழுத்தின் தலையில் சிறு சாய்கோடு போட்டது போல இருக்கும் எழுத்து அது. போலந்து மொழியில் இப்படிக் கோடோ வாலோ புள்ளியோ சேர்ந்த எழுத்துகள் ஒன்பது. எட்டு எழுத்துகள் ஒழுங்காக விழுந்தன. இதை மட்டும் எத்தனை முறை அழுத்தினாலும் திரை வெறுமையாகவே இருந்தது.

அந்த நிறுவனத்தில் பணியாற்றிய, போலந்தில் பிறந்த வடிவமைப்பாளர் மார்சின் விஹாரி இதைத் துப்புத் துலக்கி 2015இல் எழுதினார். மீடியம் தளம் எழுதுவதைத் தானே சேமித்துக்கொள்ளும். ஆனால் பழக்க தோஷத்தில் பலர் கன்ட்ரோல்-எஸ் அழுத்துவார்கள். உடனே ‘இந்தப் பக்கத்தைச் சேமிக்கவா’ என்று உலாவி ஒரு பெட்டியை நீட்டும். எழுதும் ஓட்டம் கெட வேண்டாம் என்று, அந்தக் கூட்டுவிசை வந்தால் நிரலே அதை விழுங்கிவிடும்படி செய்திருந்தார்கள்.

போலந்துக்காரர்கள் பெரும்பாலும் அமெரிக்க விசைப்பலகையையே வைத்துக்கொண்டு, வலப்பக்க ஆல்ட் விசையோடு சேர்த்து அழுத்தித் தங்கள் எழுத்துகளை வரவழைக்கிறார்கள். விண்டோஸ் அந்த வலப்பக்க ஆல்ட்டை, கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்து அழுந்தியதாகவே நிரல்களிடம் சொல்கிறது. அந்த விசை இல்லாத பழைய விசைப்பலகைகளுக்காகச் செய்த ஏற்பாடு அது. ஆக, அவர்கள் எஸ் எழுத்துக்குக் கோடு போட முயன்றபோதெல்லாம் நிரலுக்குப் போய்ச் சேர்ந்தது கன்ட்ரோல்-ஆல்ட்-எஸ். கன்ட்ரோல் இருக்கிறதா, எஸ் இருக்கிறதா என்று மட்டுமே நிரல் பார்த்தது. இரண்டும் இருந்தன, விழுங்கிவிட்டது. ஆல்ட்டும் கூட அழுந்தியிருக்கிறதா என்ற ஒரே ஒரு கேள்வி விடுபட்டிருந்தது.

உலாவிக்குள் நடந்த கதைதான் இது. ஆனால் இதன் வேர் டெஸ்க்டாப் கணினியில், விசைப்பலகையிலிருந்து வரும் சேதியைப் புரிந்துகொள்ளும் முறையில் இருக்கிறது. விசையை அழுத்தினால் எழுத்து வரும் என்று நாம் நம்புவதையே அந்த நிரலை எழுதியவர்களும் நம்பினார்கள். கணினிக்குள் விசை அழுந்துவது ஒரு நிகழ்வு, எழுத்து பிறப்பது வேறொரு நிகழ்வு. இந்த வேறுபாட்டை நிரலர் மறந்தால் அவதிப்படுவது பெரும்பாலும் ஆங்கிலம் அல்லாத மொழியில் அடிப்பவர்தான். தமிழில் அடிக்கும் நாமும் அந்தக் கணக்கில் உண்டு.

விரலிலிருந்தே தொடங்கலாம். மேசைக் கணினியின் விசைப்பலகையில் நூற்றுக்கும் மேற்பட்ட விசைகள் இருக்கின்றன. விசைக்கு ஒரு கம்பி என்று இழுப்பதில்லை. குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி வரிசைகளை அமைத்து, அவை சந்திக்கும் இடந்தோறும் ஒரு விசையை வைக்கிறார்கள். உள்ளே இருக்கும் சில்லு வரிசை வரிசையாக மின்குறி அனுப்பி, எந்தச் சந்திப்பில் தொடர்பு ஏற்பட்டிருக்கிறது என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். உலோகத் தகடுகள் தொட்டவுடன் நிலைகொள்வதும் இல்லை. சில மில்லிநொடிகள் துள்ளித்தான் அடங்கும். ஒவ்வொரு துள்ளலையும் ஓர் அழுத்தமாகக் கணக்கிட்டால் ஒரு தட்டுக்கு நாலைந்து எழுத்து விழும். அதனால் துள்ளல் அடங்கிய பிறகே சில்லு முடிவுக்கு வரும்.

யூஎஸ்பி விசைப்பலகை அனுப்பும் அடிப்படைச் சேதி 8 பைட் நீளம். முதல் பைட்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் முதலிய துணைவிசைகளின் நிலை இருக்கும். இரண்டாவது காலி. மிச்சம் ஆறு பைட்டுகளில் அந்த நேரத்தில் அழுந்தியிருக்கும் விசைகளின் எண்கள். ஏழாவதாக ஒரு விசையை அழுத்தினால் இந்தச் சேதியில் அதற்கு இடம் கிடையாது. விளையாட்டுக்கென்று தனி விசைப்பலகைகள் விற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சேதியில் எழுத்து என்று எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இருப்பது எண் மட்டுமே. அந்த எண்ணிலும் உலகம் ஒத்துப்போவதில்லை. ஆங்கில ஏ எழுத்து பொறித்த விசையை எடுத்துக்கொள்வோம். யூஎஸ்பி தரத்தில் அதன் எண் 4. லினக்ஸ் கருவுக்குள் நுழையும்போது 30. அதே லினக்ஸில் எக்ஸ்11 என்ற சாளர அமைப்பைத் தாண்டி நிரலுக்கு வரும்போது எட்டு கூடி 38. விண்டோஸ் நிரலுக்கு அது 65. மேக் கணினியில் பூஜ்யம். பழைய ஐபிஎம் கணினிகளில் அழுத்தினால் 30 என்றும், விரலை எடுத்தால் 128 கூட்டி 158 என்றும் சேதி போகும். இத்தனைக்கும் நடுவே, திரையில் விழும் சிறிய ஏ எழுத்தின் குறியெண் 97. தமிழ்99 என்ற தமிழ் விசையமைப்பு போட்டிருந்தால் அதே விசையிலிருந்து வருவது ‘அ’. அதன் யூனிகோடு எண் 2949.

எண்ணிலிருந்து எழுத்துக்குப் போகும் வழியில் இயங்குதளம் பல கேள்விகள் கேட்கிறது. எந்த மொழியின் விசையமைப்பு இப்போது நடப்பில் இருக்கிறது? ஷிஃப்ட் அழுந்தியிருக்கிறதா? கேப்ஸ்லாக் விளக்கு எரிகிறதா? இதற்கு முந்தைய விசை, அடுத்த எழுத்தின் மேல் குறி போடுவதற்காக அழுத்தப்பட்டதா? இவற்றுக்கெல்லாம் விடை கிடைத்த பிறகுதான் எழுத்து உருவாகும்.

நிரலின் பக்கம் வருவோம். கட்டளைவரிக் காலத்து நிரல், பயனரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருக்கும். மேசைமேல் பல சாளரங்கள் விரியும் காலம் வந்ததும் அந்த உறவு தலைகீழானது. பயனர் எந்த நொடியில் எதைச் செய்வார் என்று நிரலுக்குத் தெரியாது. அவர் ஏதாவது செய்தால் இயங்குதளம் வந்து சொல்லும், அதுவரை நிரல் சும்மா இருக்க வேண்டும். 1984இல் ஆப்பிள் வெளியிட்ட முதல் மெக்கின்டாஷின் விசைப்பலகையில் அம்புக்குறி விசைகளே கிடையாது. பழைய பாணி நிரல்களை அப்படியே பெயர்த்துக்கொண்டு வராமல், சுட்டியை நம்பிப் புதிதாக எழுதட்டும் என்று வேண்டுமென்றே விட்டார்கள். பிறகு வந்த விசைப்பலகைகளில் அவை திரும்பி வந்துவிட்டன.

விண்டோஸ் நிரல் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிறு சுழற்சி ஓடுகிறது. வரிசையில் காத்திருக்கும் சேதியை எடு, மொழிபெயர், உரிய சாளரத்துக்கு அனுப்பு. நடுவில் உள்ள அந்த மொழிபெயர்ப்பு வரிதான் நம் கதையின் மையம். விசை அழுந்தும்போது ‘இன்ன விசை கீழே போனது’ என்று ஒரு சேதி வரும். மொழிபெயர்ப்பு வரி அதைப் பார்த்து, அந்த அழுத்தத்தால் எழுத்து ஒன்று பிறக்குமானால், ‘இன்ன எழுத்து வந்தது’ என்று இரண்டாவது சேதி ஒன்றை வரிசையில் சேர்க்கும். விரலை எடுத்ததும் ‘விசை மேலே வந்தது’ என்று மூன்றாவது. நிரலர் அந்த வரியை எழுத மறந்தால் விசைச் சேதிகள் வந்துகொண்டே இருக்கும், எழுத்துச் சேதி ஒன்றுகூட வராது.

இந்தச் சுழற்சியைப் பலரும் அறியாமலே பார்த்திருக்கிறார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மென்பொருள் உறைந்துபோகும். அடித்தது எதுவும் தெரியாது. சற்றுப் பொறுத்துப் பத்து இருபது எழுத்துகள் மொத்தமாக வந்து விழும். நிரல் ஏதோ ஒரு பெரிய வேலையில் மாட்டிக்கொண்டு வரிசையைக் கவனிக்காமல் இருந்திருக்கிறது, சேதிகள் அங்கே காத்துக் கிடந்திருக்கின்றன. 5 நொடிக்கு மேல் நிரல் வரிசைப் பக்கம் வராவிட்டால், அது பதில் சொல்லவில்லை என்று சாளரத்தின் தலைப்பில் விண்டோஸ் எழுதிவிடும்.

விசைச் சேதியும் எழுத்துச் சேதியும் வேறுவேறு தேவைகளுக்கானவை. விளையாட்டுக்கு வேண்டியது விசை. திரையில் ஓடும் வீரனை நகர்த்த டபிள்யூ, ஏ, எஸ், டி ஆகிய நான்கு விசைகளைப் பயன்படுத்துவது வழக்கம். அவை இடது கைக்கு வாட்டமாக அமைந்திருப்பதுதான் காரணம். பிரெஞ்சு விசைப்பலகையில் அந்த இடங்களில் இருப்பவை இசட், க்யூ, எஸ், டி. எழுத்தைப் பார்த்து எழுதிய விளையாட்டை பாரிஸில் ஆடுபவர் விரலை முறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். இங்கே நிரல் பார்க்க வேண்டியது விசையின் இடத்தை.

‘செய்ததை நீக்கு’ என்ற கன்ட்ரோல்-இசட் கட்டளைக்கு நிலைமை நேர் எதிர். ஜெர்மன் விசைப்பலகையில் இசட்டும் ஒய்யும் இடம் மாறியிருக்கும். இடத்தை மட்டும் பார்க்கும் நிரலில் ஜெர்மன்காரர் இசட் பொறித்த விசையை அழுத்தினால் நிரல் அதை ஒய் என்று எடுத்துக்கொள்ளும். பல மென்பொருள்களில் கன்ட்ரோல்-ஒய் என்பது நீக்கியதைத் திரும்பச் செய்யும் கட்டளை. அவர் கேட்டதற்கு நேர் எதிரானது நடக்கும்.

விசையை அழுத்திப் பிடித்தால் எழுத்து தொடர்ந்து விழுவதும் நிரலர்களைச் சோதிக்கும் விஷயம். முதல் எழுத்துக்குப் பிறகு ஒரு சிறு இடைவெளி, அதன் பிறகு மளமளவென்று ஓட்டம். விண்டோஸில் அந்த இடைவெளியைக் கால் நொடியிலிருந்து ஒரு நொடி வரை நான்கு படிகளில் மாற்றிக்கொள்ளலாம். நிரலுக்கு இது ‘விசை கீழே போனது’ என்ற சேதி திரும்பத் திரும்ப வருவதாகத் தெரியும்; சேதியோடு வரும் ஒரு குறியைப் பார்த்தால் அது புதிய அழுத்தமா பழையதன் தொடர்ச்சியா என்று புரியும். பார்க்காத நிரலில், ‘அனுப்பு’ விசையைச் சற்று அழுத்திப் பிடித்தவரின் மடல் ஐந்து முறை போய்விடும். எக்ஸ்11 இன்னும் ஒரு படி போய், பிடித்திருக்கும் விசைக்கு ‘மேலே வந்தது, கீழே போனது’ என்று இணை இணையாகச் சேதி அனுப்பும். லினக்ஸில் ஜாவா விளையாட்டு எழுதியவர்கள், விரலை எடுக்காமலே எடுத்ததாகச் சேதி வருகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொண்டது இதனால்தான்.

சேதி வராமல் போகும் கோளாறும் உண்டு. வீரன் முன்னால் ஓட டபிள்யூ விசையைப் பிடித்திருக்கும்போது ஒருவர் ஆல்ட்-டேப் அழுத்தி வேறு சாளரத்துக்குப் போகிறார் என்று வையுங்கள். அங்கே போய் விரலை எடுக்கிறார். ‘மேலே வந்தது’ என்ற சேதி புதிய சாளரத்துக்குத்தான் போகும். திரும்பி வந்தால் வீரன் சுவரில் முட்டியபடி ஓடிக்கொண்டே இருப்பான். சாளரத்தை விட்டுக் கவனம் போகும் கணத்தில் எல்லா விசையும் விடுபட்டதாகக் கருதிவிடு என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. தேர்ந்த நிரலர்கள் முதல் நாளே எழுதிவிடும் வரி இது.

கவனம் என்று இங்கே சொல்வதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். திரையில் எத்தனை பெட்டிகள், பொத்தான்கள் இருந்தாலும், விசை அழுத்தம் ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் போகும். எதில் இடங்காட்டி கண்சிமிட்டுகிறதோ, எதைச் சுற்றி மெல்லிய கோடு தெரிகிறதோ அதற்கு. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் ஆய்வகங்களில் ஜாவா நெடுங்காலப் பாடம். அதன் ஸ்விங் தொகுப்பில் ஒரு சின்ன விளையாட்டு எழுதிய மாணவர் அனேகமாக மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பலகை ஒன்றை வைத்து, அதில் விசையைக் கேட்கும் நிரல்துண்டைக் கோத்திருப்பார். ‘தொடங்கு’ பொத்தானைச் சுட்டியால் அழுத்தியதும் கவனம் பொத்தானிடம் போய்விடும். அதன் பிறகு அம்புக்குறியை எத்தனை தட்டு தட்டினாலும் பலகைக்குச் சேதி வராது. நிரல் பிழை இல்லாமல் இயங்கும், ஆனால் எதுவும் நகராது.

ஸ்விங்கை வடிவமைத்தவர்கள் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். ஒரு விசைக்கு ஒரு செயலின் பெயரைக் கொடுத்து, அந்தச் செயலைத் தனியே எழுதி, ‘கவனம் இந்தச் சாளரத்துக்குள் எங்கே இருந்தாலும் இது செல்லும்’ என்று அறிவித்துவிடலாம். மேக் கணினியின் வழி இன்னும் அழகு. அங்கே விசைச் சேதி கிடைத்ததும் நிரல் அதைத் தானே ஆராயாமல் அமைப்பிடம் திருப்பிக் கொடுக்கும். ‘இந்த எழுத்தைச் சேர்’ என்றோ, ‘ஓரெழுத்து பின்னால் அழி’, ‘இடப்பக்கம் நகர்’ என்றோ அமைப்பு முடிவைச் சொல்லும். எந்த விசையிலிருந்து அந்த முடிவு வந்தது என்ற கவலை நிரலுக்கு இல்லை. தமிழ், ஜப்பானியம் போன்ற மொழிகளில் அடிப்பவர்களுக்கு வேலை ஒழுங்காக நடக்க இந்த ஏற்பாடு எவ்வளவு முக்கியம் என்பது அடுத்து வருவதைப் பார்த்தால் விளங்கும்.

‘அம்மா’ என்று அடிப்போம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரமாக அறிவித்த தமிழ்99 அமைப்பில் இதற்கு நான்கு தட்டு. ஆங்கில எழுத்து பொறித்த விசைப்பலகையில் ஏ, கே, கே, க்யூ. முதல் தட்டுக்கு ‘அ’. இரண்டாவதற்கு ‘ம’ சேர்ந்து ‘அம’. மூன்றாவது தட்டில், அதே மெய் இரண்டாம் முறை வருவதைக் கண்டு அமைப்பு தானாகவே முந்தைய மகரத்துக்குப் புள்ளி வைத்து இன்னொரு மகரத்தையும் சேர்க்கும்: ‘அம்ம’. ஒரே தட்டுக்கு இரண்டு குறியீடுகள். நான்காவதற்குத் துணைக்கால் வந்து ‘அம்மா’. கண்ணுக்கு மூன்று எழுத்து, விரலுக்கு நான்கு தட்டு, யூனிகோடு கணக்கில் ஐந்து குறியீடு. ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து என்று எண்ணி எழுதிய எந்த நிரலும் இங்கே தடுமாறும்.

ஒலிபெயர்ப்பு முறையில் அடிப்பவருக்குத் திரை வேறு மாதிரி மாறும். ஏ, எம், எம், ஏ, ஏ என்று அடிக்க அடிக்க, அ, அம், அம்ம், அம்ம, அம்மா என்று உருவாகும். நான்காவது தட்டைக் கவனியுங்கள். அங்கே எழுத்து எதுவும் கூடவில்லை. ஏற்கெனவே போட்ட புள்ளி அழிகிறது. பயனர் அழிக்கச் சொல்லவில்லை, எழுதத்தான் செய்கிறார். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், தொடக்கத்தில் கீமேன் பொறியின் மேல் எழுந்த எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் என்று தமிழர்களைக் கணினியில் எழுத வைத்த கருவிகள் எல்லாம் இந்தச் சிக்கலைச் சமாளித்தாக வேண்டியிருந்தது. ஒரு வழி, பயனருக்காகக் கருவியே பேக்ஸ்பேஸ் ஒன்றைப் பொய்யாக அனுப்பி, பிறகு சரியான எழுத்தை அனுப்புவது. பேக்ஸ்பேஸுக்கு வேறு வேலை கொடுத்து வைத்திருக்கும் நிரலில் இது போய் விழுந்தால் குழப்பம்தான்.

இன்னொரு வழி, இன்றைய இயங்குதளங்கள் எல்லாம் தருவது. எழுதிக்கொண்டிருக்கும் துண்டு முடிவாகாத நிலையில் அடிக்கோட்டோடு திரையில் நிற்கும். அமைப்பு அதை விருப்பம்போல் மாற்றும். முடிவானதும் ‘இதுதான் உரை’ என்று நிரலிடம் ஒப்படைக்கும். விண்டோஸ், மேக், லினக்ஸின் ஐபஸ் எல்லாவற்றிலும் இதற்கு வழி உண்டு. ஜப்பானியர்கள் இந்த முறையின்றி எழுதவே முடியாது. ஒலியை அடித்து, பட்டியலிலிருந்து உரிய எழுத்தைத் தேர்ந்து, என்டர் தட்டி உறுதி செய்வார்கள். அரட்டை மென்பொருள் எழுதுகிறவர் ‘என்டர் வந்தால் சேதியை அனுப்பு’ என்று விசையைப் பார்த்து எழுதிவிட்டால், ஜப்பானியர் எழுத்தைத் தேர்ந்தெடுத்த கணமே பாதி வாக்கியம் நண்பருக்குப் போய்விடும். என்டர் அமைப்புக்காக அழுத்தப்பட்டதா நிரலுக்காகவா என்று கேட்டறிய வசதி இருக்கிறது. கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் ஊரில் இதைவிட அதிகம் கண்ணில் படுவது பெயர்ப் பெட்டி. பெயரில் எண்ணோ குறியோ வரக் கூடாது என்று, ஒவ்வொரு விசையழுத்தத்தின்போதும் ‘வந்தது எழுத்துதானா’ என்று சோதிக்கும் நிரல்துண்டைப் பலர் எழுதுகிறார்கள். பைத்தான் மொழியில் ஒரு சரம் முழுவதும் எழுத்துகள்தானா என்று கேட்கும் ஆயத்தக் கட்டளை உண்டு. ‘மா’ என்று கொடுத்தால் அது இல்லை என்கிறது. யூனிகோடு வகைப்பாட்டில் ‘ம’ எழுத்து. துணைக்காலும் புள்ளியும் கொம்பும் எழுத்தோடு ஒட்டும் குறிகள். அந்தச் சோதனையை நம்பி ஒவ்வொரு குறியீடாக வடிகட்டும் பெட்டியில் கிருஷ்ணமூர்த்தி என்று அடித்தால் மிஞ்சுவது ‘கரஷணமரதத’. நீளத்துக்கு வரம்பு வைத்த பெட்டியிலும் இதே கதி. கிருஷ்ணமூர்த்தி கண்ணுக்கு எட்டெழுத்து, குறியீட்டுக் கணக்கில் பதினைந்து. பத்து என்று வரம்பு வைத்தால் அவர் பெயர் பாதியில் நின்றுவிடும். ஒருவரின் பெயரை அவர் மொழியில் முழுதாக வாங்கிக்கொள்ளத் தெரியாத மென்பொருளை வேலை முடிந்த மென்பொருள் என்று ஏற்கக் கூடாது.

அழிப்பதிலும் மரபு இருக்கிறது. ‘மா’வின் பின்னால் நின்று பேக்ஸ்பேஸ் தட்டினால் பெரும்பாலான மென்பொருள்களில் துணைக்கால் மட்டும் போய் ‘ம’ நிற்கும். முன்னால் நின்று டெலீட் தட்டினால் ‘மா’ முழுதும் போகும். கடைசியாக அடித்ததில் பிழை என்றால் அதை மட்டும் திருத்தலாம் என்பதற்காக இப்படி. இயங்குதளம் தரும் உரைப்பெட்டியைப் பயன்படுத்தினால் இது இலவசமாகக் கிடைக்கும். விசைகளைத் தானே வாங்கித் தானே எழுத்தை வரையும் சொந்தப் பெட்டியை உருவாக்குகிறவர் இவை அனைத்தையும் தாமே எழுத வேண்டும். அழகுக்காக அப்படி உருவாக்கும் பெட்டிகளில்தான் தமிழ் அதிகம் உடைகிறது.

கூட்டுவிசைகளிலும் ஒரு பொறி இருக்கிறது. தமிழ்99 அமைப்பு நடப்பில் இருக்கும்போது சி விசையிலிருந்து வருவது ‘ஒ’. அப்படியானால் நகலெடுக்க கன்ட்ரோல்-சி அழுத்தினால்? விண்டோஸில் விசையின் எண் மாறாததால் நகல் எடுக்கும். லினக்ஸில் விசையமைப்பாகவே தமிழைப் போட்டிருந்தால், எக்ஸ்11 வழியே நிரலுக்கு வருவது கன்ட்ரோல்-ஒ. ஜிடிகே, க்யூடி போன்ற பெரிய தொகுப்புகள் இதைப் புரிந்துகொண்டு, பயனரின் மற்ற விசையமைப்புகளில் அதே விசை என்னவாக இருக்கிறது என்று தேடி, சி என்று கண்டுபிடிக்கின்றன. தானே விசையைப் படிக்கும் சிறு நிரல்கள் ‘ஒ’வைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். ரஷ்யர்களும் கிரேக்கர்களும் நம்மோடு சேர்ந்து இதை அனுபவிக்கிறார்கள்.

விசைப்பலகையைச் சுட்டிக்குத் துணை என்று நினைப்பவர்கள் அதை மட்டுமே நம்பி இருப்பவர்களை மறந்துவிடுகிறார்கள். பார்வையற்றவருக்குத் திரையில் அம்பு எங்கே இருக்கிறது என்பதில் பயனில்லை. 2006இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்றவரான மைக்கேல் கரன் தொடங்கிய என்விடிஏ என்ற திரைபடிப்பான் இலவசமானது; தமிழிலும் இயங்கும். விசையழுத்தங்களை நிரல்களுக்கு முன்பே வாங்கிப் பார்த்து, இன்ஸர்ட் அல்லது கேப்ஸ்லாக்கோடு சேர்ந்து வருபவற்றைத் தன் கட்டளைகளாக எடுத்துக்கொண்டு, மற்றவற்றைக் கடத்திவிடும். அதன் உதவியோடு ஒருவர் டேப் விசையைத் தட்டித் தட்டிப் பெட்டியிலிருந்து பெட்டிக்குப் போகிறார். படமாக வரைந்து வைத்த பொத்தான் டேப்புக்கு அகப்படாவிட்டால், அவரைப் பொறுத்தவரை அந்தப் பொத்தான் அங்கே இல்லை. கட்டணம் செலுத்தும் பொத்தான் அதுவாக இருந்தால் அவர் வேலை அங்கேயே நின்றது. இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த முடியாதவர்களுக்காக விண்டோஸில் ஒரு வசதி உண்டு; ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் வரும் பெட்டி அதற்கானது. பலர் எரிச்சலோடு மூடிவிடும் அந்தப் பெட்டி சிலருக்குக் கணினியையே திறந்துவிடுகிறது.

எல்லா விசைகளையும் எல்லா நிரல்களுக்கும் தந்துவிடவும் கூடாது. கடவுச்சொல் அடிக்கும்போது பக்கத்துச் சாளரத்தின் நிரல் ஒட்டுக்கேட்டால் என்னாவது? 1987இல் வந்த எக்ஸ்11 அதைத் தடுக்கவில்லை. ஒரே திரையில் இருக்கும் எந்த நிரலும் எல்லா விசையையும் கேட்கலாம். லினக்ஸில் அதன் இடத்துக்கு வந்திருக்கும் வேலேண்டு, கவனம் பெற்ற சாளரத்துக்கு மட்டுமே விசைகளைத் தருகிறது. 1981இல் வந்த ஐபிஎம் பீசிக்காக டேவிட் பிராட்லி அமைத்த கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட், கணினியைத் திரும்பத் தொடங்குவதற்கானது. விண்டோஸ் என்டி அதையே உள்நுழைவுக்கு முன் அழுத்தும் விசையாக ஆக்கியது. சாதாரண நிரல் எதுவும் அந்தக் கூட்டுவிசையைப் பிடிக்க முடியாது. போலி உள்நுழைவுத் திரை காட்டிக் கடவுச்சொல்லைப் பறிக்க நினைக்கும் நிரலும் அதை அழுத்தியதும் தோற்றுப்போகும்.

மென்பொருள் எழுதும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நிரலை வெளியிடுவதற்கு முன் விசையமைப்பைத் தமிழ்99க்கு மாற்றி, அதிலுள்ள ஒவ்வொரு பெட்டியிலும் கிருஷ்ணமூர்த்தி என்று அடித்துப் பாருங்கள். அப்படியே தமிழிலிருந்து மாறாமல் நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். பிறகு சுட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, டேப்பையும் என்டரையும் மட்டும் கொண்டு முழு வேலையையும் முடிக்க முயலுங்கள். மென்பொருளைப் பயன்படுத்தும் மற்றவர்களுக்கு: தமிழில் அடிக்கும்போது எழுத்து உடைந்தாலோ விழாமல் போனாலோ ஆங்கிலத்துக்கு மாறிச் சமாளித்துவிடாதீர்கள். எந்த இயங்குதளம், எந்த விசையமைப்பு, எந்தச் சொல்லை அடித்தபோது நேர்ந்தது என்ற மூன்றையும் குறித்து, அதைத் தயாரித்தவர்களுக்கு எழுதுங்கள். இந்த வகைப் பிழைகளைத் திருத்த பல நேரங்களில் ஓரிரு வரிகளே போதும். யாராவது சொல்லும்வரை அது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.